ரேடியோ டீச்சர் வாயை மூடக் கற்றுக்கொண்ட கதை

நாலாம் வகுப்பு 'பி' பிரிவின் டீச்சரை அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ரேடியோ டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பட்டப்பெயர் வைத்தது பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பாவம், அதுகள் நல்ல பிள்ளைகள். வைத்தவர் பக்கத்து அறையில் 'ஏ' பிரிவை நடத்துகிற டீச்சர். இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர். இந்தப் பக்கம் நடக்கிற பாடம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். "உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க டீச்சர்" என்று ஒருநாள் அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார், பெயர் ஒட்டிக்கொண்டது. நம் டீச்சருக்கு அதில் வருத்தமே இல்லை. ரேடியோ என்றால் நாலு பேர் கேட்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. பிறந்த வீடு அப்படி. அண்ணன்களும் அக்காக்களுமாக வீடு நிறைய ஆட்கள், இவர் கடைக்குட்டி. சாப்பாட்டு மேஜையில் மூச்சு வாங்க நிறுத்தினால் போச்சு, இன்னொருவர் பேச்சைப் பிடுங்கிக்கொள்வார், கை கழுவும்வரை அது திரும்பக் கிடைக்காது. ஆகவே மூச்சு வாங்காமல் பேசுவது எப்படி என்பதைப் பல் முளைத்த கையோடு கற்றுக்கொண்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? டீச்சர் வேலைக்கான நேர்காணலில் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதானாம், பதிலை நிறுத்தினால் போதும் என்று வேலையைக் கொடுத்துவிட்டார்களாம். இது அவர் கணவர் சொல்வது. அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன நகைச்சுவை அது ஒன்றுதான். மருந்துக் கடையில் வேலை. சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பவருக்குப் பேச்சு எதற்கு? ஜாடிக்கேத்த மூடி என்று கல்யாணத்திலேயே சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

நல்ல டீச்சர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை, முகம் சுளித்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். கேள்வி கேட்பார். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அதையே வேறு மாதிரி கேட்பார். பிறகு பதிலின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார். பிறகு பதிலையே சொல்லிவிட்டு, "ஆங், கரெக்ட்" என்று பிள்ளையின் தோளைத் தட்டுவார். பிள்ளைகளுக்கும் இது சௌகரியமாக இருந்தது, யாரும் புகார் சொல்லவில்லை.

அந்த வகுப்புக்குத்தான் சிட்டு வந்து சேர்ந்தாள். சிட்டு என்பது அவள் அம்மா கூப்பிடுகிற செல்லப் பெயர். ஆட்டிசம் உள்ள குழந்தை என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள், அழிரப்பரை மேஜைமேல் உருட்டிக்கொண்டே இருப்பாள், யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டாள். எழுதச் சொன்னால் அழகாக எழுதுவாள். வாயால் கேட்டால் ஒன்று பதில் வராது, வந்தால் சம்பந்தாசம்பந்தம் இல்லாமல் வரும். ஒருநாள் செடி வளர என்னென்ன வேண்டும் என்று கேட்டு, அவள் பேசாததால் தானே சொல்லி முடித்துவிட்டு, டீச்சர் கணக்குப் பாடத்துக்குத் தாவினார். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டபோது சிட்டு, "வெயில்" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அடடா, குழந்தைக்கு முகத்தில் வெயில் அடிக்கிறது போல என்று டீச்சர் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

சிட்டுவின் அம்மா தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவர். மகளைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் வாசலில் நின்று டீச்சரிடம் கலங்குவார். பருவம் முடிகிறபோது கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார். சிட்டுவிடம் பேசிப் பார்ப்பார். சரிப்பட்டால் இதே வகுப்பு, இல்லாவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கிற தனிப் பள்ளி. அங்கே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டுமென்றால் அந்த அம்மா வேலையை விட்டாக வேண்டும். அதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. "அவளுக்கு இங்க பிடிச்சிருக்கா, பிடிக்கலையான்னு எனக்கே தெரியாது டீச்சர்" என்றார். "பிடிக்கலன்னா நானே கூட்டிட்டுப் போயிடுவேன். கேட்டா ஒன்னும் சொல்லமாட்டேங்கறா. யாரைக் கேக்குறதுன்னு தெரியல."

டீச்சர் ஆறுதலாகப் பேசினார், பேசினார், அந்த அம்மா பஸ்ஸை விட்டுவிடும் அளவுக்குப் பேசினார்.

இந்தச் சமயத்தில்தான் ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு வகுப்பில் எப்படித் துணை நிற்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி அறிவித்தார்கள். தலைமை ஆசிரியை நம் டீச்சரை அனுப்பினார். அனுப்பும்போதே, "போற இடத்துல நீங்க பாடம் நடத்தாதீங்க, அவங்க நடத்துறதைக் கேளுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பயிற்சி நடத்தியவர் தலையில் பென்சிலைச் செருகிக்கொண்டு சுற்றுகிற ஒரு மேடம். கண்ணைப் பார்த்துப் பேசு என்று கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார். மணி அடிக்கப்போகிறதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாளைக்கு ஏதாவது மாறுகிறதென்றால் இன்றைக்கே படம் போட்டுக் காட்டிவிடுங்கள் என்றார். டீச்சர் ஒன்று விடாமல் கவனித்தார். இடையிடையே தன் அனுபவத்தையும் சொன்னார், பென்சில் மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் ஆற அமரப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை கேட்டவர் மூச்! டீச்சருக்கு ஜோடியாக வாய்த்தவர் ஓர் ஓவிய ஆசிரியர். "காலையில எப்படி வந்தீங்க?" என்று டீச்சர் கேட்டார். ஓவிய ஆசிரியர் கூரையைப் பார்த்தார். "பஸ்லயா?" என்றார் டீச்சர். "இல்ல வண்டியிலயா? நடந்து வந்திருக்க மாட்டீங்க, செருப்பு சுத்தமா இருக்கு. பஸ்லதான் வந்திருப்பீங்க, எங்க தெருவுலயும் பஸ் சரியாவே வர்றதில்ல." மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் முகம் சிவந்துபோனது.

பென்சில் மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சில குழந்தைகளுக்கு நாம சொல்றது உள்ள போயி, பதிலாகி வெளிய வர நேரம் ஆகும். பதில் தெரியாம இல்ல. அதுக்குள்ள நீங்க வேற மாதிரி கேட்டா, மாடி ஏறிட்டிருக்கறவங்களைக் கூப்பிட்டு, மறுபடி கீழ இருந்து ஏறுன்னு சொல்ற மாதிரி. ஒரு தடவை கேளுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு இருங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். சொல்லுவதற்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். மூச்சை எண்ணுங்கள், மனசுக்குள் பாட்டுப் பாடுங்கள் என்று ஏதேதோ உபாயம் சொன்னார்கள், டீச்சருக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை. பாட்டு என்றால் அது வாய்வழியாக வந்துவிடும். கடைசியில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வி கேட்டதும் மனசுக்குள் குக்கர் கழுவுவது. அடிப்பிடித்த குக்கர். மூடியிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி, உள்ளே சுரண்டி, தேய்த்து, அலசி, துடைத்து, கவிழ்த்து வைக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார்.

முதல் பரிசோதனை வீட்டில் நடந்தது. கணவர் கடையிலிருந்து வந்தார். "இன்னைக்குக் கடையில என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் குக்கரைக் கையில் எடுத்தார், மனசுக்குள்தான். கல்யாணம் ஆன நாள்முதல் வருகிற பதிலே வந்தது: "ஒன்னுமில்ல." வழக்கமாக அந்த இடத்தில் டீச்சர் தன் பள்ளிக்கூடக் கதையைத் தொடங்குவார். இன்று தேய்த்துக்கொண்டே நின்றார். கணவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர் குடித்தார். மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "ஒரு பெரியவர் வந்தாரு" என்று ஆரம்பித்தவர், நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாடு ஆறும்வரை பேசினார். அந்த மனிதருக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததே தெரியாமல் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று டீச்சருக்கு வாயடைத்துப் போனது.

மாமியார்தான் பயந்துவிட்டார். மருமகள் பேசாமல் நிற்பதைப் பார்த்து அருகில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அப்படியானால் கோபம்தான் என்று முடிவு கட்டினார். டீச்சர் ஒன்றும் கேட்கக்கூட இல்லை, மாமியார் அந்த அமைதி தாங்காமல் தானாகவே, "மிக்ஸி ஜாரை உடைச்சது பூனை இல்லம்மா, நான்தான்" என்று ஒப்புக்கொண்டார். "பரவாயில்ல அத்தை" என்றார் டீச்சர். வாயை மூடினால் இத்தனை வருமானம் உண்டா என்று அன்றைக்கு ராத்திரி நெடுநேரம் சிரித்துக்கொண்டார்.

வகுப்பில் கதை வேறாக இருந்தது. சிட்டுவிடம் கேள்வி கேட்டு ஒரு குக்கர் கழுவினார், பதில் இல்லை. மறுநாளும் கழுவினார், இல்லை. மற்றப் பிள்ளைகள் டீச்சருக்கு என்ன ஆச்சு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'ஏ' பிரிவு டீச்சர், இன்றைக்கு விடுமுறையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பயிற்சியாவது மண்ணாவது என்று டீச்சருக்கு எரிச்சல்கூட வந்தது.

அப்படி ஒருநாள், "சிட்டு, சிலந்திக்கு எத்தனை கால்?" என்று கேட்டார். ஒரு குக்கர் முழுவதும் கழுவிக் கவிழ்த்தார். சிட்டு ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தாள். சரி, போகட்டும் என்று பலகைப் பக்கம் திரும்பி முக்கோணம் ஒன்று வரைந்து, இதற்கு எத்தனை பக்கம் என்று முன்பெஞ்சில் இருக்கிற, எல்லோரும் ரெட்டை ஜடை என்றே கூப்பிடும் பெண்ணைக் கேட்டார். ரெட்டை ஜடை வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சிட்டுவின் குரல் வந்தது. "எட்டு."

முக்கோணத்துக்கு எட்டுப் பக்கமா என்று வகுப்பு சிரித்தது. டீச்சர் மட்டும் சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றார். எட்டு. சிலந்திக்கு எட்டு.

பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. வெயில் என்று சொன்னாளே, அது ஜன்னல் வெயில் இல்லை. செடிக்கு வேண்டிய வெயில். குழந்தை சரியான பதிலைச் சொல்லியிருக்கிறாள், நானோ போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்று நினைத்த ஒவ்வொன்றையும் டீச்சர் ஞாபகப்படுத்திப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாமே முந்தின கேள்விக்கான பதில்கள். "யாரும் சிரிக்கக் கூடாது, சிட்டு சொன்னது கரெக்ட்" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பிறகு குக்கரோடு வாணலியும் சேர்ந்தது. கேள்வி ஒன்று, பாத்திரம் இரண்டு. பதில் வந்தது. வெறும் பதில் இல்லை, சில நாள் பதிலுக்குப் பின்னால் ஒரு வால்கூட வந்தது. சிலந்தி பூச்சி இல்லை, பூச்சிக்கு ஆறு கால்தான் என்று டீச்சருக்கே பாடம் எடுத்தாள். ரெட்டை ஜடைக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. இடைவேளையில் சிட்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து, எதையாவது கேட்டுவிட்டு, தன் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னி முடிக்கும்வரை காத்திருப்பாள்.

அம்மாவுக்கும் டீச்சரே பயிற்சி கொடுத்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. மகளை யார் எது கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்லியே பழகிய அம்மா அவர். பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? "மனசுக்குள்ள ஒரு காலர் தைங்க. தைச்சு முடிக்கிறவரைக்கும் பேசக் கூடாது" என்று டீச்சர் சட்டம் போட்டுக் கொடுத்தார். முதல் சில நாள் அந்த அம்மாவுக்குக் காலர் பாதியில் இருக்கும்போதே நூல் அறுந்து அறுந்து போனது.

பருவமும் முடிந்தது. அதிகாரி வந்தார். நல்ல மனிதர், ஆனால் கால்மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர். இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் போக வேண்டுமாம். தலைமை ஆசிரியை அறையில் அம்மா, சிட்டு, டீச்சர் மூவரும் உட்கார்ந்தார்கள். தலைமை ஆசிரியை உள்ளே வரும்போதே டீச்சர் காதில், "நீங்க வாயைத் திறக்கவே கூடாது. அவர் கேக்கட்டும், குழந்தை சொல்லட்டும்" என்று கிசுகிசுத்திருந்தார். இந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும் என்பதை அதிகாரியிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார், சொல்லவும் செய்தார். அதிகாரி, "தெரியும் தெரியும்" என்று தலையாட்டினார்.

தெரிந்தவர் செய்கிற வேலையா இது? சிட்டுவின் பக்கம் குனிந்து, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார். பதில் வரவில்லை. "சரி, எந்த கிளாஸ் படிக்கிற?" ரப்பர் உருண்டது. "உனக்கு யாரு ஃப்ரெண்டு?" அம்மாவின் உதடு துடித்தது. மேஜைக்கு அடியில் டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஸ்கூல்லயே இருக்கறியா?" அதற்கும் பதில் இல்லை. அதிகாரி நிமிர்ந்து, பாதி தனக்கும் பாதி சுவருக்குமாக, "ஏம்மா, நீ பேசவே மாட்டியா?" என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் சிட்டு வாயைத் திறந்தாள். "வேணாம்."

"பாருங்க, குழந்தையே சொல்லிடுச்சு" என்றார் அதிகாரி, வருத்தமாகத்தான். "இங்க இருக்க வேணாமாம்." அம்மாவின் கை டீச்சரின் கைக்குள் ஜில்லென்று ஆனது.

வாழ்நாள் முழுவதும் பேசிய பேச்சையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வைத்தால், அன்றைக்கு ரேடியோ டீச்சர் சொன்னது இன்னொரு தட்டில் சரிக்குச் சரி நிற்கும்.

"சார், அது தண்ணிக்கு."

அதிகாரி புரியாமல் பார்த்தார். தலைமை ஆசிரியை முறைத்தார். "நீங்க வரிசையா கேட்டீங்க சார். அவ வரிசையாத்தான் சொல்லுவா. கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். மனசுக்குள் குக்கரை எடுத்தார்.

மின்விசிறி கிறீச்சிட்டது. டீ கொண்டுவந்த ஆயாவைத் தலைமை ஆசிரியை சைகையாலேயே வாசலில் நிறுத்தினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேனா மூடியைத் திறந்தார், மூடினார். டீச்சர் குக்கரை முடித்து வாணலிக்கு வந்தார், அதையும் முடித்து, வீட்டில் இருக்கிற டம்ளர்களையெல்லாம் இழுத்துப் போட்டார்.

"நாலாம் கிளாஸ் பி" என்றாள் சிட்டு.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அதன்பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அடுத்தது வரத் தாமதமாயிற்று. அம்மா கண்ணை மூடிக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தார் என்பது விரல் அசைவிலேயே தெரிந்தது.

"ரெட்டை ஜடை. அவ லீவு போட்டா யாரும் இல்ல."

அடுத்து வர வேண்டிய பதில் எதற்கு என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தலைமை ஆசிரியைகூட நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொன்னால் அதுவும் அவள் பதில்தான், ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று டீச்சர் மனசைத் திடப்படுத்திக்கொண்டார். கழுவுவதற்குப் பாத்திரம் தீர்ந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இங்கயே இருக்கேன்" என்றாள் சிட்டு. ரப்பரை இன்னொரு முறை உருட்டினாள். "இங்க பிடிச்சிருக்கு."

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, இதே வகுப்பில் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆயா டீயோடு உள்ளே வந்தார். தலைமை ஆசிரியை டீச்சரின் முதுகில் தட்டினார், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை, அடக்கிவைத்த பேச்செல்லாம் மடை திறந்துகொண்டது. அதிகாரி சிட்டுவின் கன்னத்தைத் தட்டப்போனவர், யோசித்துக் கையை இழுத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போய்விட்டார்.

கேட்டது ஐந்து கேள்வி என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. டீச்சருக்கும்தான்.

"நான் பேசுறேன்" என்றாள் சிட்டு, யாரையும் பார்க்காமல். "பதில் வர்றதுக்குள்ள நீங்கதான் போயிடறீங்க."

அதிகாரி திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார்.